எலிக்குக் கருவாடு

வேண்டாம் தம்பி, பைய மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். உள்ள மாலை இருக்கு, நசுங்கிரும். நசுங்குனாத்தான் என்ன, இனி யாரு போடப் போறா. இருந்தாலும் மடியில இருக்கட்டும். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, மோதிரம், மாலை. தாய்மாமன் சீரு. என் கூடப் பொறந்த தங்கச்சி கோமு, அவ மவன் கார்த்தீசனுக்கு இன்னைக்குக் காலையில கல்யாணம். கொண்டு போனேன். கொண்டு போனத அப்படியே திருப்பிக் கொண்டு வாரேன். அந்த லச்சணத்துல இருக்கு எங்க குடும்பம்.

நீங்க கேக்கலை. ஆனா கேக்கணும்னு இருக்கு உங்களுக்கு, முகத்தப் பாத்தாலே தெரியுது. கேளுங்க. இந்த டிரைவர் ஓட்டுத வேகத்துக்கு ஜங்ஷன் போய்ச் சேருததுக்குள்ள ராமாயணமே சொல்லி முடிச்சிரலாம்.

நான் ஜில்லா சுகாதார ஆபீசுல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். பட்ஜெட் சீட்டு, ஆபீசுப் பணக்கணக்கு பூரா என் கையில. குத்தாலிங்கம்னு கேட்டுப் பாருங்க, இன்னைக்கும் ஆபீசுல சொல்லுவாவ. டாக்டருங்க வருவாவ, போவாவ. ஊசி போடுததுதான் அவங்க வேலை. அந்த ஊசிய வாங்கணுமா வேண்டாமான்னு சொல்லுதது என் வேலை. அதுல எது பெரிசுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க.

ஒரு வருசம் நம்ம ஆத்துப் பாசனத்துல எலிக்காய்ச்சல் வந்துச்சு. எலி மூத்திரம் வயல் தண்ணியில கலந்துருதாம். காலுல வெடிப்பு உள்ளவன் அதுல எறங்குனா கிருமி உள்ள போயிருமாம். காய்ச்சல் அடிக்கும், கண்ணு செவக்கும், அப்புறம் உடம்பு மஞ்சளாப் போகும். நடவு நேரத்துல கொஞ்சம் பேரு செத்துப் போனாவ. பேப்பர்ல போட்டுட்டான். பேப்பர்ல போட்டுட்டா அரசாங்கத்துக்குத் தூக்கம் வராதே. புதுசு புதுசா வருத தொத்து நோயத் தடுக்கதுக்குன்னு மேலருந்து பணம் அனுப்புனான். அதுல ஒரு டாக்டர், ரெண்டு லேப் ஆளு, ஒரு ஜீப்பு, கொஞ்சம் மாத்திரைக்காரங்க. எல்லாம் ஒப்பந்த வேலை. வருசா வருசம் பணம் வந்தாத்தான் ஆளு, இல்லன்னா வீட்டுக்கு.

அந்த டாக்டர் ஒரு பொண்ணு. மெர்லின்னு பேரு. தம்பி, டாக்டர்னா எப்படி இருக்கணும்? ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு மேசை, மணி அடிச்சா ஒரு ஆளு வரணும். இது முழங்கால் உயரத்துக்கு ரப்பர் பூட்ஸ மாட்டிக்கிட்டு வரப்புல நிக்கும். பொறி வச்சு எலியப் புடிச்சு, அதோட கிட்னிய அறுத்து எடுத்து, கிருமி இருக்கான்னு பாக்கும். படிச்ச படிப்பு என்ன, பாக்குத வேலை என்ன. பெத்தவங்க அதுக்கா செலவழிச்சுப் படிக்க வச்சிருப்பாங்க? ஆபீசுல எலியம்மான்னுதான் பேரு. நான் வச்ச பேருதான்.

ஒருநாள் என் மேசைக்கு ஒரு பில்லு வருது. கருவாட்டுக்குப் பில்லு. என்னம்மா இதுன்னு கூப்பிட்டுக் கேட்டேன். "பொறிக்குள்ள வைக்கதுக்கு சார். தேங்காத் துண்டு வச்சுப் பாத்தோம், வயல் எலி திரும்பிக்கூடப் பாக்கல. கருவாட்டுக்குத்தான் வருது"ங்குது. அரசாங்க விதியில எலிக்குக் கருவாடுன்னு எங்கம்மா இருக்கு, காட்டுங்கன்னேன். நாளைக்கு ஆடிட்டுக்காரன் வந்து கருவாடு எங்கன்னு கேட்டா எலி தின்னுட்டுன்னு சொல்லவா, அந்த எலிகிட்டக் கையெழுத்து எதும் வாங்கி வச்சிருக்கீங்களான்னேன். ஆபீசே சிரிச்சுது. டைப்பிஸ்ட் அம்மா சிரிச்சு சிரிச்சு வெளிய எந்திரிச்சுப் போயிட்டு. பில்லத் திருப்பி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் அது சொந்தக் காசப் போட்டுத்தான் கருவாடு வாங்கிச்சு. ஜீப்பு பூரா நாத்தம், டிரைவர் எங்கிட்ட வந்து அழுதான். நான் என்னடே பண்ண முடியும், மேடம் குடும்பம் நடத்துத அழகு அதுன்னு சொல்லி அனுப்புனேன்.

இப்ப என் தங்கச்சி வீட்டுக்காரன் கதைக்கு வாரேன். இசக்கிமுத்து. நான் ஆபீஸ்ல இருக்குதவன், எந்தங்கச்சிக்கு ஒரு வாத்தியாரப் பாத்திருக்கலாம், ஒரு பேங்க்காரனப் பாத்திருக்கலாம். எங்கப்பா, பையன் நல்லவன், வயல் இருக்குன்னு பாத்துக் குடுத்துட்டாரு. நல்லவன்தான், நான் இல்லன்னு சொல்லல. யாரு என்ன சொன்னாலும் சரிங்குதவன நல்லவன்னுதான சொல்லணும். காலு ரெண்டும் கோடையில காஞ்ச கொளம் மாதிரி வெடிச்சுக் கெடக்கும். செருப்பு வாங்கிக் குடுத்தா அதக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வயல்ல எறங்குவான்.

எலியம்மா ஆளுக வாரம் ஒரு தடவை வரப்புக்கு வந்து மாத்திரை குடுப்பாங்க. குடுத்துட்டுப் போயிர மாட்டாங்க, முழுங்குனானான்னு வாயத் தொறக்கச் சொல்லிப் பாப்பாங்க. ரேசன் கடை கூட்டம் மாதிரி வரிசையில நிப்பானுவ. அதுல மொத ஆளு எங்க இசக்கிமுத்து. மாத்திரையும் முழுங்கிட்டு, அந்தம்மாவுக்கு இளநி வேற வெட்டிக் குடுப்பான். சூப்பிரண்டு வீட்டு மாப்பிள்ளை, எலி புடிக்குதவளுக்கு இளநி வெட்டுதான். கோமு அதப் பெருமையா எங்கிட்டச் சொல்லுவா.

இப்படியே மூணு நடவு போச்சு. காய்ச்சல் கொறைஞ்சுக்கிட்டே வந்து, கடைசி வருசம் ஒருத்தனுக்குக்கூட இல்ல. அந்த நேரத்துல மேலருந்து தபால் வருது. உங்க ஜில்லாவுல போன வருசம் எத்தனை பேருக்கு நோய், வருத வருசத்துக்கு எவ்வளவு பணம் வேணும்னு கேட்டு. இதுக்குப் பதில் எழுத டாக்டருக்குப் படிக்கணுமா தம்பி? நோய் இல்ல, பணம் வேண்டாம். ரெண்டு வரியில முடிச்சேன். எங்க பெரிய டாக்டர் நான் விரல் வச்ச எடத்துல கையெழுத்துப் போடுத மனுசன், போட்டுட்டாரு.

எலியம்மாவுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. பூட்ஸ் சேறோட வந்து என் மேசை முன்னால நிக்குது. "சார், காய்ச்சல் இல்லாம இருக்கதே இந்தப் பணத்தாலதான். இத நிறுத்துனா அடுத்த நடவுல திரும்ப வந்துரும்"ங்குது. வந்தா அப்பக் கேப்போம்மான்னேன். "அப்பக் கேட்டு, பணம் வந்து சேருததுக்குள்ள நடவு முடிஞ்சிரும் சார்"ங்குது. எனக்குக் கோவம் வந்துட்டு. அப்ப என்ன பண்ணச் சொல்லுதீங்க, நோய் இல்லாத ஊருல பத்துப் பேருக்கு நோய் இருக்குன்னு பொய்க்கணக்கு எழுதவான்னேன். இந்த நாக்காலியில உக்காந்து நான் ஒரு பொய் எழுதுனது கெடையாதும்மா, வேற ஆளப் பாருங்கன்னேன். அதுக்குக் கண்ணு கலங்கிட்டு. சம்பளம் போயிருமேன்னு அழுதுன்னு நெனைச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன்.

அந்த வருசத்துப் பணத்துல மிச்சம் இருந்ததையும் மார்ச்சு கடைசியில சரண்டர் பண்ணேன். சரண்டர்னா தெரியும்லா? செலவழிக்காத பணத்த அரசாங்கத்துக்கே திருப்பிக் கட்டிருதது. மத்த ஜில்லாக்காரன்லாம் மார்ச்சு வந்துட்டா வெறி புடிச்ச மாதிரி வாங்குவான். நாக்காலி, பீரோ, ஏ.சி. அதுல கமிசன் வேற. எங்கையில ஒரு பைசா ஒட்டுனது கெடையாது தம்பி. எம்மேல ஆயிரம் சொல்லட்டும், இத மட்டும் ஒருத்தனும் சொல்ல முடியாது. அந்த ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கலெக்டர் கையால நற்சான்று குடுத்தாவ, நிதிச் சிக்கனத்துக்குன்னு. ஆபீசு பூரா கை தட்டுச்சு. எலியம்மா கை தட்ட அங்க இல்ல, அதுக்கு முன்னாலயே வீட்டுக்கு அனுப்பியாச்சு. லேபப் பூட்டி, சாவி என் டிராயர்லதான் கெடந்துச்சு.

அந்தத் தீவாளிக்குத் தங்கச்சி வீட்டுக்குத் துணிமணி குடுக்கப் போனேன். மழைக்காலத்துப் பிசான நடவு ஆரம்பிக்கப் போகுது. இசக்கிமுத்து மெதுவா எங்கிட்ட வந்து, "மச்சான், இந்த வருசம் மாத்திரைக்காரங்களக் காணுமே"ன்னான். நோயே இல்லாத ஊருக்கு மாத்திரை எதுக்குடேன்னேன். "இல்ல மச்சான், அந்தம்மா நிறுத்தவே கூடாதுன்னு சொல்லும், அதான் கேட்டேன்"ங்கான். அந்தம்மா பெரிசா நான் பெரிசாடேன்னு கேட்டேன். "நீங்க சொன்னாச் சரி மச்சான்"னு சொல்லிட்டு நாத்துப் பறிக்கப் போயிட்டான். அதான் சொன்னேன்லா, யாரு என்ன சொன்னாலும் சரிங்குதவன்.

அப்புறம் கேளுங்க. நடவு முடியுததுக்குள்ள கோமுகிட்டருந்து போன் வருது. அவருக்குக் காய்ச்சல், கெண்டைக்காலு வலிக்குன்னு அழுதாரு, கண்ணெல்லாம் செவந்து கெடக்குன்னு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னேன். எங்க போனா? மஞ்சக்காமாலைன்னு எவனோ சொல்லியிருக்கான், பச்சிலை அரைச்சுக் குடுத்து நாளக் கடத்திட்டா. படிக்காத சனம் தம்பி, என்னத்தச் சொல்ல. பெறகு ரொம்ப முத்திப் போயித்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாவ. அங்கயும் நான்தான். என் ஒரு போனுக்குப் பெட்டு கெடைச்சுது. யாரையோ எழுப்பித் தரையில படுக்கப் போட்டுட்டு எங்க மாப்பிள்ளையப் படுக்க வச்சாவ. அவ்வளவு செல்வாக்கு.

வார்டு டாக்டர் சின்னப் பையன். எங்கிட்ட வந்து, "சார், எலிக்காய்ச்சலா இருக்கும்னு சந்தேகமா இருக்கு, மருந்து ஆரம்பிச்சிட்டோம், ஆனா கிட்னி ரெண்டும் மோசமா இருக்கு. ரத்தத்த முன்னால உங்க ஆபீஸ் லேப்லதான் பாப்பாங்க, இப்பவும் பாக்காங்களா"ன்னு கேக்கான். அதையெல்லாம் மூடியாச்சு தம்பி, மெட்ராசுக்கு அனுப்புன்னேன். அனுப்புனான். ரிசல்ட்டு வந்துச்சு, எலிக்காய்ச்சல்தான்னு. எங்க வந்துச்சு, யாரு கையில குடுக்க? அதுக்குள்ள வீட்டு முன்னால சாவுப் பந்தல் போட்டாச்சு.

எலியம்மா வந்திருந்துச்சு, துட்டிக்கு. அப்ப ஏதோ தனியார் ஆஸ்பத்திரியில வேலையாம். பஸ் புடிச்சு வந்திருக்கு. கோமு என்னப் பாத்து அழல தம்பி. நான் உள்ள போனேன், பாத்தா, மாரடிச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே உக்காந்திருந்தா. அந்த மெர்லினப் பாத்ததும் கழுத்தக் கட்டிக்கிட்டு அந்த அழுகை அழுதா. கூடப் பொறந்தவன் நிக்கேன், ஆபீசுக்கு லீவு போட்டுட்டு நிக்கேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தம்மா போட்டுக் குடுத்திருக்கும்னு நீங்க நெனைப்பீங்க. இல்ல. உண்மையச் சொல்லணும், அது ஒரு வார்த்தை எம்மேல சொல்லல. சொல்லியிருந்தா கோமு அன்னைக்கே கேட்டிருப்பா. பணம் வேண்டாம்னு எழுதுனது நான்னு அவளுக்கு அப்பத் தெரியாது.

நான்தான் சொன்னேன். ஆறுதலாச் சொல்லப் போயி.

என்னன்னா, அந்த நடவுல ஜில்லா பூரா நெறையப் பேருக்கு வந்துட்டு. கலெக்டர் மீட்டிங் போட்டாரு. எல்லாரும் கையப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கான். யாரு எழுதுனா? நான்தான் எழுதுனேன். எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேரு சாவு, எந்தெந்த ஊரு, பக்கம் பக்கமா எழுதி அனுப்புனேன். முன்ன வந்ததப் போல மூணு மடங்கு பணம் சாங்ஷன் ஆயிட்டு. வேற எந்த ஜில்லாவுக்கும் அவ்வளவு வரல. பணம் வந்தப்ப நடவு முடிஞ்சிருச்சு, அது வேற விசயம். பாதிய அந்த மார்ச்சுலயே சரண்டர் பண்ணிட்டேன். ஆனா சாங்ஷன் வாங்குனது வாங்குனதுதான்.

மாசி மாசம் கோமுவப் பாக்கப் போனேன். வீடு இருட்டிப் போய்க் கெடந்துச்சு. அவ முறத்துல உளுந்து பொடைச்சுக்கிட்டு இருந்தா. கார்த்தீசன் வயலுக்குப் போயிருந்தான், படிப்ப நிறுத்திட்டு அப்பன் வயல்ல எறங்கிட்டான். எனக்கு மனசு கேக்கல. கோமு, மாப்பிள்ளை போனது வீணாப் போகலைன்னேன். என்னன்னு நிமிந்து பாத்தா. வெவரமாச் சொன்னேன். போன வருசம் நோய் இல்லன்னு எழுதிப் பணம் வேண்டாம்னு சொன்னதும் நான்தான், இந்த வருசம் நோய் இருக்குன்னு எழுதி மூணு மடங்கு வாங்குனதும் நான்தான், அந்தக் கணக்குல மாப்பிள்ளையும் ஒரு ஆளு, அவரு பேரச் சொல்லி இன்னைக்கு ஜில்லாவுக்கே பணம் வந்திருக்குன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தா. முறத்தக் கீழ வச்சா.

"அண்ணே, இன்னும் நாலு பேரு செத்திருந்தா இன்னும் கூடக் குடுத்திருப்பாங்களா?"ன்னு கேட்டா.

பாவம், அவளுக்கு என்ன தெரியும், அஞ்சாங் கிளாஸ். நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். அப்படிக் கெடையாது கோமு, அதுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, அதுக்கு மேல எத்தனை பேரு செத்தாலும் குடுக்க மாட்டாங்கன்னேன். அவ எந்திரிச்சு உள்ள போனா. காப்பி போடப் போறான்னு உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன் தம்பி. பொறவாசல் வழியா அடுத்த வீட்டுக்குப் போயிருக்கா.

அன்னையில இருந்து பேச்சு இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன்? வெசத்தக் குடுத்தேனா? அரசாங்கம் கேட்டுச்சு, நோய் இல்ல. இல்லன்னு எழுதுனேன். அரசாங்கம் கேட்டுச்சு, நோய் இருக்கு. இருக்குன்னு எழுதுனேன். ரெண்டும் சத்தியம். எவன் வேணும்னாலும் எடுத்துப் பாக்கட்டும். பச்சிலையக் குடுத்து நாளக் கடத்துனது அவ, செருப்பு போடாம எறங்குனது அவன், மூத்திரம் பேஞ்சது எலி. பழி எனக்கு.

கார்த்தீசன் கல்யாணப் பத்திரிகை தபால்ல வந்துச்சு. தாய்மாமனுக்கு வெத்திலை பாக்கோட மொதப் பத்திரிகை வைக்கணும், அதுக்கப்புறந்தான் சாமிக்கே. எனக்குத் தபால்காரன் கொண்டாந்து போட்டுட்டுப் போறான், கரண்டு பில்லு மாதிரி. போகாதீங்கன்னு எம்பொண்டாட்டி சொன்னா. போகலைன்னா ஊரு என்ன சொல்லும்? மாமன் சீருக்குப் பயந்து ஒளிஞ்சிக்கிட்டான்னு சொல்லும். அதான் எல்லாத்தையும் வாங்கித் தாம்பாளத்துல வச்சுக் கொண்டு போனேன்.

மண்டபத்துல யாரும் என்னய வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. ஐயரு, "தாய்மாமன் வாங்க, மாப்பிள்ளைக்கு மாலை போடுங்க"ன்னு கூப்பிட்டாரு. தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சேன். பாத்தா மணவறையில எங்க பெரியப்பா மவன் நம்பிராசன் நிக்கான். ரேசன் கடையில சீனி எடை போடுதவன். ஒரு கிலோவுக்கு அம்பது கிராம் அடிக்குத பய. அவன் கையில மாலை. அண்ணன் மொறைதான், ஒத்துக்கிடுதேன், ஆனா ஒரு வயித்துல பொறந்தவன் நான் நிக்கும்போது அவன் யாரு?

நான் மேல ஏறப் போனேன். கோமு கீழ எறங்கி வந்தா. மண்டபமே பாக்குது. வையப் போறான்னு நெனைச்சேன். வைதா பதில் வச்சிருந்தேன் தம்பி, பஸ்ஸுல வரும்போதே ஒவ்வொண்ணா யோசிச்சு வச்சிருந்தேன். அவ ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டா. "வாங்க சார். பந்தி போட்டாச்சு, சாப்பிட்டுட்டுப் போங்க சார்"னா.

சார். கூடப் பொறந்தவ. நான் தூக்கி வளத்த புள்ள. முப்பது வருசம் அந்த ஒரு சொல்லக் கேட்டுக் கேட்டு ருசிச்சவன் நான், இன்னைக்குக் கசந்துச்சு. என் வாயில என்ன வந்துச்சுங்கீங்க? "ஆகட்டும்மா"ன்னேன். மனு குடுக்க வாரவங்ககிட்டச் சொல்லுவேன், அதே மாதிரி. சொல்லிட்டுப் போயி பந்தியில உக்காந்துட்டேன்.

எலையில எல்லாம் வச்சான். ஒரு வாய் எடுத்து வச்சேன். சரி, பாத்துருவோம்னு எந்திரிச்சேன். தாய்மாமன் பந்தியில பாதியில எந்திரிச்சா, கல்யாண வீடே ஓடி வந்து கையப் புடிக்கணும் தம்பி. மாப்பிள்ளை வரணும், பொண்ணு வீட்டுக்காரன் வரணும், சமாதானம் பண்ணி உக்கார வைக்கணும். எங்க பக்கம் அதுதான் முறை. மாமன் கோவிச்சிக்கிட்டா தாலியே கட்ட மாட்டாங்க. அதனால கொஞ்ச நேரம் நின்னேன். தாம்பாளத்த எடுத்துக்கிட்டு, எல்லாருக்கும் தெரியுத மாதிரி, நல்லா நிமிந்து நின்னேன். பரிமாறுத பய வந்தான். என் எலைய மடக்கி எடுத்தான், அந்த எடத்தத் தொடைச்சான், புது எலை போட்டு அடுத்த ஆள உக்காரச் சொன்னான்.